சுரங்கத்துக்குள் இறங்கும் முன்: வாயு கண்டறியும் கருவியைச் சோதிப்பது எப்படி?

வாயு கண்டறியும் கருவியின் திரையில் மீத்தேன் 0.0 என்று இருக்கிறது. காற்றில் மீத்தேன் இல்லாமல் இருக்கலாம். மீத்தேனை உணர வேண்டிய சென்சார் செத்துப்போயும் இருக்கலாம். இரண்டுக்கும் திரை ஒரே எண்ணைத்தான் காட்டும். எத்தனை வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்தவராக இருந்தாலும், எண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்லிவிட முடியாது. அளவு தெரிந்த வாயுவைக் கருவிக்குக் காட்டி, அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி.

நிலத்தடிச் சுரங்க வேலைக்குப் புதிதாக வந்து, முதல் முறையாக ஒரு கருவியைக் கையில் வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவிகளைப் பராமரிக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் உதவும். பொத்தான்களும் மெனுவும் கருவிக்குக் கருவி மாறும். அதற்கு அந்தந்தக் கருவியின் கையேட்டைப் பாருங்கள். உங்கள் சுரங்கத்தின் விதிமுறை நான் சொல்வதைவிடக் கடுமையாக இருந்தால், அதையே பின்பற்றுங்கள்.

எந்த வாயு, எங்கே இருக்கும்

நிலக்கரிச் சுரங்கத்தில் முதல் எதிரி மீத்தேன். காற்றில் 5% முதல் 15% வரை கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். ஏறக்குறைய 9.5% இருக்கும்போது வெடிப்பு மிக மோசமாக இருக்கும். நிறமும் வாசனையும் இல்லை. காற்றைவிட ஏறக்குறைய பாதி எடைதான் என்பதால் கூரையை ஒட்டித் தேங்கும்.

கார்பன் மோனாக்சைடு தீயிலிருந்தும், வெடிவைப்பிலிருந்தும், டீசல் வண்டிகளிலிருந்தும் வரும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கும் மேல் விருப்பமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இதைச் சதவீதத்தில் அளப்பதில்லை, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று பிபிஎம் கணக்கில் அளக்கிறோம். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாசனை அடிக்கும், ஆனால் 100 பிபிஎம் அளவுக்கு வந்துவிட்டால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. வாசனை நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைப்பது ஆபத்தானது. காற்றைவிடக் கனமான கார்பன் டைஆக்சைடு பள்ளங்களில் தேங்கும். நைட்ரஜன் டைஆக்சைடு வெடிப் புகையிலும் டீசல் புகையிலும் இருக்கும்; சுவாசித்த அன்று சாதாரணமாக இருப்பவருக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆக்சிஜன். சுத்தமான காற்றில் 20.9%. பெரும்பாலான கருவிகள் 19.5%-க்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்கும்படி வைக்கப்பட்டிருக்கும்.

கருவிக்குள் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதனையைச் செய்தால் அது வெறும் சடங்காகிவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மீத்தேனுக்கு அதிகமாகப் பயன்படுவது வினையூக்கி மணி சென்சார். பெல்லிஸ்டர் என்றும் சொல்வார்கள். பிளாட்டினம் கம்பிச் சுருளைச் சுற்றி ஒரு சிறு பீங்கான் மணி. அதன்மேல் வினையூக்கிப் பூச்சு. பக்கத்திலேயே பூச்சு வேலை செய்யாத இன்னொரு மணி, ஒப்பிடுவதற்கு. இரண்டும் சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். மீத்தேன் வந்தால் பூச்சுள்ள மணியின் மேல் அது எரியும், மணி இன்னும் சூடாகும், கம்பியின் மின்தடை கூடும். இரண்டு மணிக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைத்தான் கருவி மீத்தேன் சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது.

இந்தப் பூச்சை விஷம் தாக்கினால்? சிலிகோன் கலந்த ஸ்பிரே, மசகு, பாலிஷ், சீலண்ட் போன்றவற்றின் ஆவி மணியின் மேல் படிந்து பூச்சை மூடிவிடும். ஈயச் சேர்மங்களும் கந்தகச் சேர்மங்களும் அதைக் கெடுக்கும். அப்புறம் மீத்தேன் வந்தாலும் எரியாது. இரண்டு மணியும் ஒரே சூட்டில் இருக்கும், வித்தியாசம் இருக்காது, திரை 0.0 என்று அமைதியாக இருக்கும். கம்பி அறுந்துபோனால் கருவி தானே பிழை என்று சொல்லிவிடும். பூச்சு செத்துப்போனதை அதனால் கண்டுபிடிக்க முடியாது. பேட்டரி நிறைந்திருக்கும், பச்சை விளக்கு சிமிட்டும், கருவியைத் தொடங்கும்போது நடக்கும் சுயபரிசோதனையும் தேறிவிடும்.

இந்த மணி வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆக்சிஜன் சுமார் 10%-க்குக் கீழே போய்விட்டால் மீத்தேன் எண்ணை நம்பக் கூடாது. மீத்தேன் மிக அதிகமாக இருந்தாலும் இதே சிக்கல்தான்: எரிக்க ஆக்சிஜன் போதாமல் எண் மேலே போய்த் திரும்பக் கீழே இறங்கும். நல்ல கருவிகள் அளவு மீறியதும் திரையை அப்படியே பூட்டி, அளவு கடந்தது என்று காட்டி நிறுத்திவிடும். அப்படிப் பூட்டிக்கொண்ட கருவியை அந்த இடத்திலேயே அணைத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். வெளியே வாருங்கள்.

அகச்சிவப்பு சென்சார் வேறு வகை. ஒளியை மீத்தேன் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பதால் ஆக்சிஜன் தேவையில்லை, சிலிகோன் விஷமும் ஏறாது. ஆனால் ஹைட்ரஜன் இதன் கண்ணுக்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, ஆக்சிஜன் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் மின்வேதி சென்சார். சிறிய பேட்டரி மாதிரி, உள்ளே வேதிவினை நடந்து மின்னோட்டம் வரும். இவை காலப்போக்கில் தளர்ந்துபோகும். ஈயம் கொண்ட பழைய வகை ஆக்சிஜன் சென்சார், நீங்கள் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சுமார் 2 வருஷத்தில் தீர்ந்துவிடும்.

1815-இல் சுரங்கத்துக்கென்று வந்த டேவி பாதுகாப்பு விளக்கையும், பிரிட்டனில் 1986 வரை நச்சு வாயுவைக் கண்டறியச் சுரங்கங்களில் வைத்திருந்த கானரிப் பறவைகளையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். விளக்கு அணைந்தால் தெரியும், பறவை விழுந்தால் தெரியும். அவை செயலிழப்பதே எச்சரிக்கைதான். இன்றைய கருவி அவற்றைவிடப் பல மடங்கு நுட்பமானது, ஆனால் செயலிழக்கும்போது சத்தம் போடாது. அந்தக் குறையைத்தான் நாம் தினமும் செய்யும் சோதனை ஈடுகட்டுகிறது.

முதல் படி: கண்ணால் பாருங்கள்

கருவியின் பின்பக்க லேபிளில் வெடிசூழல் பாதுகாப்புக் குறி இருக்கும். அதில் குரூப் 1 என்று ரோமன் எண்ணில் இருக்க வேண்டும். அதுதான் மீத்தேன் உள்ள சுரங்கங்களுக்கு உரியது. குரூப் 2 என்பது தரைக்கு மேலே உள்ள ஆலைகளுக்கு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சில கருவிகளில் இரண்டு குறியும் இருக்கும். குரூப் 1 இல்லாத கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கீழே போகக் கூடாது.

உடைசல், கீறல், தளர்ந்த திருகு இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் துளைகளின் மேல் உள்ள வடிகட்டியில் தூசி அப்பியிருக்கிறதா? ஈரம் இருக்கிறதா? கடைசியாக அளவுதிருத்தம் (தெரிந்த வாயுவைக் காட்டிக் கருவியின் எண்ணைச் சரிசெய்வது) செய்த தேதி என்ன? அடுத்தது எப்போது? கருவியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா? (நேரம் தவறாக இருந்தால், ஏதாவது நடந்த பிறகு அதன் பதிவை எடுத்துப் பார்த்துப் பயனில்லை.) பேட்டரி முழு ஷிஃப்டுக்கும், அதற்கு மேலும் தாங்க வேண்டும். சார்ஜ் போடுவதும் பேட்டரியைக் கழற்றுவதும் மேலே மட்டும்தான்.

இரண்டாம் படி: சுத்தமான காற்றில் தொடங்குங்கள்

பல கருவிகள் தொடக்கத்தில் சுற்றியுள்ள காற்றைச் சுத்தமான காற்று என்று எடுத்துக்கொண்டு, அதைச் சுழியாக வைத்துக்கொள்ளும். 0.3% மீத்தேன் உள்ள இடத்தில் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? அன்று முழுக்க ஒவ்வொரு எண்ணும் 0.3 குறைவாகவே காட்டும். 1.2% இருக்கும் இடத்தில் 0.9 என்று காட்டும். ஆகவே சுரங்கத்துக்குள் சுழி வைக்கவே கூடாது.

மேலேயும் இடம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். டீசல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வாசலில் கார்பன் மோனாக்சைடுக்குச் சுழி வைக்காதீர்கள். ஈய அமில பேட்டரிகள் சார்ஜ் ஆகும் அறையில் ஹைட்ரஜன் கசியும். கார்பன் மோனாக்சைடு சென்சார் ஹைட்ரஜனுக்கும் எண் காட்டும் குணமுள்ளது. தலைவிளக்குகளும் கருவிகளும் வைத்திருக்கும் விளக்கு அறையில் பேட்டரி சார்ஜ் ஆகும் மேசையும் கருவி சோதிக்கும் மேசையும் அடுத்தடுத்து இருந்தால், ஒன்றை இடம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால், சிலிண்டரில் வரும் சுத்தக் காற்றைக் கொடுத்துச் சுழி வைப்பது நல்லது.

மூன்றாம் படி: சோதனை வாயுவைச் சோதியுங்கள்

சோதனை வாயு தவறானால் சோதனையே தவறு. நான்கு வாயுக் கருவிக்கு வழக்கமாக வரும் கலவை சிலிண்டரில் மீத்தேன் 2.5%, கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம், ஹைட்ரஜன் சல்பைடு 25 பிபிஎம், ஆக்சிஜன் 18% என்ற மாதிரி இருக்கும், மீதி நைட்ரஜன். லேபிளில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: என்னென்ன வாயு, எவ்வளவு, காலாவதித் தேதி, சான்றிதழ் எண். ஹைட்ரஜன் சல்பைடு சிலிண்டர் சுவரோடு வினைபுரிந்து மெல்லக் குறையும். காலாவதியான சிலிண்டரை வைத்து நல்ல கருவியைக் கெட்டது என்று ஒதுக்கலாம். அதைவிட மோசம், குறைந்துபோன வாயுவுக்கு ஏற்றபடி கருவியைத் திருத்தி, எல்லா எண்ணையும் தவறாக்கிவிடலாம்.

மீத்தேனும் வெறும் நைட்ரஜனும் மட்டும் உள்ள சிலிண்டர் அகச்சிவப்புக் கருவிக்குச் சரி, வினையூக்கி மணிக்கு ஆகாது. ஆக்சிஜன் இல்லாமல் அது எரியாது என்று மேலே சொன்னேன்.

ரெகுலேட்டர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடுகிறது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். காற்று தானாகப் பரவும் கருவிகளுக்குப் பெரும்பாலும் 0.5 லிட்டர். உறிஞ்சு மோட்டார் உள்ள கருவிக்கு, அது எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு தரும் ரெகுலேட்டர் தனியாக இருக்கிறது. ட்யூப் குட்டையாக இருக்கட்டும். சாதாரண ரப்பர் ட்யூப் ஹைட்ரஜன் சல்பைடை உறிஞ்சிக்கொண்டு எண்ணைக் குறைத்துவிடும்; கருவி நிறுவனம் சொல்லும் ட்யூபையே போடுங்கள். 25 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு சின்ன விஷயமில்லை, நல்ல காற்றோட்டம் உள்ள இடத்தில்தான் சிலிண்டரைத் திறக்க வேண்டும்.

புதியவர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. சில கருவிகள் மீத்தேனைக் காற்றில் எத்தனை சதவீதம் என்று காட்டும், சில எல்.இ.எல். சதவீதத்தில் காட்டும். எல்.இ.எல். என்பது வெடிக்கத் தொடங்கும் கீழ்வரம்பு. அந்த வரம்பை 5% என்று வைத்தால் 2.5% மீத்தேன் என்பது 50% எல்.இ.எல். ஆனால் சர்வதேசத் தரநிலை ஒன்று வரம்பை 4.4% என்று கொள்கிறது. அந்தக் கணக்கில் அமைத்த கருவியில் அதே சிலிண்டர் 57 என்று காட்டும். கருவியில் பழுதில்லை. உங்கள் கருவி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுரங்கத்தில் விதிகள் காற்றின் சதவீதத்தில் இருப்பதால், கருவியையும் அப்படியே வைப்பது நல்லது. 1.0 என்று படித்து அது எல்.இ.எல்-ஆ காற்றின் சதவீதமா என்று கீழே நின்று யோசிக்கக் கூடாது.

நான்காம் படி: வாயுவைக் காட்டுங்கள்

இதுதான் ஷிஃப்டுக்கு முன் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய சோதனை. பம்ப் டெஸ்ட் (bump test) என்று சொல்வது இதைத்தான்.

சோதனை மூடியைக் கருவியின் மேல் பொருத்தி, ட்யூபை மாட்டி, வால்வைத் திறங்கள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காதீர்கள். ஆக்சிஜன் 20.9-இலிருந்து 20.2, 19.6 என்று இறங்கி, 19.5-ஐத் தாண்டியதும் முதல் அலாரம் வரும். மீத்தேன் 0.4, 1.1, 1.8 என்று வேகமாக ஏறும். கார்பன் மோனாக்சைடு பின்னாலேயே வரும். ஹைட்ரஜன் சல்பைடு பெரும்பாலும் கடைசி: 4, 11, 17, 21, அப்புறம் ஒவ்வொன்றாக 23, 24. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பொறுத்திருந்து, எண் அசையாமல் நின்ற பிறகு படியுங்கள். சிலிண்டரில் எழுதியதிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது கையேட்டில் இருக்கும். பல இடங்களில் 10% என்று வைத்திருக்கிறார்கள்.

எண்ணோடு வேகத்தையும் பாருங்கள். நேற்று அரை நிமிடத்தில் ஏறிய சென்சார் இன்று இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால், கடைசியில் சரியான எண்ணுக்கு வந்தாலும் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. மூடி வழியாக நாம் வாயுவை அழுத்தித் தள்ளுகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். தூசியால் பாதி அடைபட்ட வடிகட்டி இந்த அழுத்தத்தில் வாயுவை உள்ளே விட்டுவிடும், ஆனால் கீழே காற்று தானாகப் பரவி நுழைய வேண்டிய நேரத்தில் தடுத்து நிறுத்தும். சோதனையில் தேறியது என்பதால் வடிகட்டியைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

அலாரம் மூன்று வகையிலும் வந்ததா என்று பாருங்கள்: சத்தம், விளக்கு, அதிர்வு. துளையிடும் இயந்திரம் பக்கத்தில் ஓடும்போது சத்தம் கேட்காது, முதுகுப் பக்கம் மாட்டியிருந்தால் விளக்கு தெரியாது, அதிர்வு மட்டும்தான் மிச்சம். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் கருவி தேறவில்லை என்றே கொள்ளுங்கள்.

வால்வை மூடி, மூடியைக் கழற்றி, எண்கள் சுழிக்கும் 20.9-க்கும் திரும்பும் வரை காத்திருங்கள். திரும்பி வராமல் 3, 4 என்று நின்றுவிட்டால் அதுவும் கோளாறுதான்.

தானியங்கிச் சோதனைப் பெட்டி இருக்கும் சுரங்கங்களில் கருவியை உள்ளே வைத்தால் போதும், அதுவே எல்லாம் செய்து தேறியது, தேறவில்லை என்று சொல்லிவிடும். நல்ல வசதி. ஆனால் புது சிலிண்டர் மாட்டியவர் அதன் அளவைப் பெட்டியில் மாற்றாமல் விட்டால், அன்று வரும் முடிவு எல்லாமே தவறு. சிலிண்டர் மாற்றும்போது இரண்டு பேர் சேர்ந்து லேபிளையும் பெட்டியில் உள்ள எண்ணையும் ஒப்பிடும் பழக்கம் வேண்டும்.

குறுக்கு வழிகள் சிலவற்றைப் பழையவர்கள் சொல்லித் தருவார்கள். சிகரெட் லைட்டர் வாயுவைக் காட்டுவது அதில் ஒன்று. லைட்டரின் பியூட்டேன் அளவுக்கு மீறி அடர்த்தியானது, மணியைக் கெடுத்துவிடும், எவ்வளவு காட்டினோம் என்ற கணக்கும் இல்லை. லைட்டர் சுரங்க வளாகத்துக்குள் வரவே கூடாத பொருள் என்பது வேறு. மார்க்கர் பேனாவை முகரவைப்பது, வண்டிப் புகையில் பிடிப்பது, எல்லாம் இதே கதைதான். மூச்சை ஊதினால் ஆக்சிஜன் அலாரம் வரும், உண்மை, ஆனால் மற்ற மூன்று சென்சாரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

தேறவில்லை என்றால்

முதலில் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, ட்யூப் கழன்றிருக்கிறதா, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை மறுபடி செய்து பாருங்கள். அப்போதும் தேறாவிட்டால் முழு அளவுதிருத்தம் செய்துவிட்டு, மீண்டும் வாயு காட்ட வேண்டும். அதிலும் தேறாத கருவிக்குச் சிவப்புச் சீட்டு கட்டித் தனி அலமாரியில் வையுங்கள். நல்ல கருவிகளோடு கலந்து வைத்தால் அவசரத்தில் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். "இன்றைக்கு மட்டும் இதை வைத்துச் சமாளி" என்று யார் சொன்னாலும், மேலதிகாரியே சொன்னாலும், மறுத்துவிடுங்கள். மாற்றுக் கருவி இல்லை என்றால் அந்த ஆள் இறங்க முடியாது, அவ்வளவுதான்.

அளவுதிருத்தம் எப்போது

தினசரிச் சோதனை, கருவி உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறது. அளவுதிருத்தம் அதன் எண்ணையே சரிசெய்கிறது. முதலில் சுத்தக் காற்றில் சுழி, பிறகு தெரிந்த வாயுவில் மேல் அளவு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்க விதிகள் மீத்தேன் கருவிகளுக்கு 31 நாளுக்கு ஒருமுறையாவது இதைச் செய்யச் சொல்கின்றன. கருவி கீழே விழுந்தாலோ, தண்ணீரில் நனைந்தாலோ, மிக அதிக வாயுவைச் சந்தித்தாலோ, சென்சார் மாற்றினாலோ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே செய்ய வேண்டும்.

ஒவ்வொரு முறையும் திருத்துவதற்கு முன் கருவி எவ்வளவு காட்டியது என்று எழுதி வையுங்கள். 2.5-க்குப் போன மாதம் 2.4, இந்த மாதம் 2.2, அடுத்த மாதம் 1.9 என்று வந்தால் அந்தச் சென்சார் தன் முடிவை நோக்கிப் போகிறது. திருத்தியதும் 2.5 என்று காட்டுவதால் நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

கீழே போன பிறகு

ஆட்களை இறக்கும் கூண்டு (லிப்ட்) வேகமாக இறங்கும்போது காற்றழுத்தம் மாறுவதால் ஆக்சிஜன் எண் கொஞ்சம் தடுமாறும். கீழே நின்று நிலைக்கட்டும், பிறகு நடங்கள்.

நெஞ்சில் மாட்டிய கருவி உங்கள் நெஞ்சு உயரத்தில் உள்ள காற்றைத்தான் அளக்கிறது. காற்றோட்டம் மெலிந்த இடத்தில் மீத்தேன் கூரைக்கு அடியில் மெல்லிய அடுக்காகப் படர்ந்திருக்கும். அங்கே 6% இருக்க, ஒரு கை கீழே 0.2% மட்டும் காட்டலாம். அதனால் நீட்டுக்கோலில் கருவியையோ ட்யூபையோ கட்டி, கூரை வரை மெதுவாக உயர்த்திப் பாருங்கள். கூரையில் குழிந்த இடங்கள், நிலக்கரி வெட்டும் முகப்பு, காற்று திரும்பும் மூலைகள், நிலக்கரி எடுத்து முடித்துக் கைவிட்ட பகுதியின் விளிம்பு ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. கார்பன் டைஆக்சைடுக்கும் ஹைட்ரஜன் சல்பைடுக்கும் தரையோரமும் பள்ளமும். தேங்கிய தண்ணீரைக் கலக்கினால் அதில் கரைந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு சட்டென்று வெளிவரும் என்பதால், கால் வைப்பதற்கு முன் அளவு பாருங்கள்.

எங்கே பார்த்தாலும் முதலில் ஆக்சிஜன் எண், அப்புறம் மீத்தேன். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மணி சென்சாரின் மீத்தேன் எண்ணுக்கு மதிப்பில்லை.

உறிஞ்சு மோட்டார் உள்ள கருவியை நீண்ட ட்யூபோடு பயன்படுத்தும் முன், ட்யூபின் நுனியை விரலால் அடையுங்கள். கருவி அடைப்பு என்று அலாரம் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் நடுவில் எங்கோ காற்று புகுகிறது. அப்படியே போனால் தூரத்துக் காற்றுக்குப் பதில் உங்கள் பக்கத்துக் காற்றையே அளந்துகொண்டிருப்பீர்கள். ட்யூபின் ஒவ்வொரு மீட்டருக்கும் வாயு வந்துசேரச் சில நொடிகள் ஆகும். அந்த நேரத்தோடு சென்சார் நிலைக்கும் நேரத்தையும் கூட்டிக் காத்திருங்கள்.

எவ்வளவு வந்தால் என்ன செய்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். மீத்தேன் 1% முதல் 1.25% வந்தால் மின்சாரத்தை நிறுத்துவது, 1.5% முதல் 2% வந்தால் ஆட்களை வெளியேற்றுவது என்ற அளவில் பல நாடுகளின் விதிகள் இருக்கின்றன. உங்கள் இடத்தின் எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அலாரம் வந்தால் பொய்யாக இருக்குமோ என்று அங்கேயே நின்று ஆராய வேண்டாம். முதலில் நல்ல காற்றுக்கு வாருங்கள், ஆராய்ச்சியை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

நிலையான சென்சார்கள்

சுவரிலும் கூரையிலும் இயந்திரத்திலும் பொருத்திய சென்சார்களுக்கும் வாயு காட்ட வேண்டும். தொடங்குவதற்கு முன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சோதனை நிஜ அலாரமாகி எல்லாரும் ஓடுவார்கள். வாயுவைக் காட்டும்போது சென்சாரின் திரை மட்டும் பார்த்தால் போதாது. மேலே கட்டுப்பாட்டு அறையில் அதே எண் வருகிறதா, வைத்த அளவைத் தாண்டியதும் மின்சாரம் உண்மையிலேயே துண்டிக்கப்படுகிறதா என்று கடைசி வரை பார்க்க வேண்டும். சென்சார் சரியாக இருந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டிருந்தால் பலன் பூஜ்யம். சோதனைக்காகத் துண்டிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தால், அதைத் திரும்ப இயக்கியதாக இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே இடத்தைவிட்டு நகருங்கள். சென்சார் இருக்கும் இடத்தையும் பாருங்கள். காற்றுக் குழாயின் வாய்க்கு நேராக மாட்டிய சென்சார் நாள் முழுக்கச் சுத்தக் காற்றையே முகர்ந்துகொண்டிருக்கும்.

எழுதுவதும் படிப்பதும்

நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கம் 2010 நவம்பர் 19 அன்று வெடித்து 29 பேர் இறந்தார்கள். பின்னர் விசாரித்த ஆணையம், வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில் மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 அறிக்கைகள் இருந்ததைக் கண்டது. எண்கள் காகிதத்தில் இருந்தன. அவற்றைப் படித்து வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. சோதனைப் பதிவேடு பற்றிப் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன், ஏனென்றால் பதிவேடு எழுதுவது அலுவலக வேலை என்று நினைக்கும் புதியவர்கள் அதிகம்.

பதிவில் கருவி எண், தேதி, நேரம், சிலிண்டர் எண், அதன் காலாவதித் தேதி, ஒவ்வொரு சென்சாரும் காட்டிய எண், மூன்று அலாரமும் வந்ததா, சோதித்தவர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். "சரி" என்ற ஒற்றைச் சொல் போதாது. 2.4, 97, 23, 18.1 என்று எண்ணாக எழுதினால்தான் அடுத்த மாதம் ஒப்பிட முடியும்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. இன்று ஒரு கருவி தேறவில்லை என்றால், அது எப்போது செத்தது என்று தெரியாது. கடைசியாகத் தேறிய நாளிலிருந்து இன்றுவரை அது காட்டிய எல்லா எண்ணும் சந்தேகத்துக்குரியவை. அதனால் கருவியை அலமாரியில் வைப்பதோடு நிற்காமல், இடையில் அதை யார் எடுத்துப் போனார்கள், எந்தெந்த இடத்தை அதை வைத்து அளந்தார்கள் என்று பதிவேட்டில் தேடி, பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். அந்தக் கருவியை நம்பி மீத்தேன் இல்லை என்று எழுதிய ஒவ்வோர் இடத்தையும் தேறிய கருவியால் மறுபடி அளந்த பிறகே அங்கே ஆட்களை அனுப்ப வேண்டும்.